எழுபத்திரண்டைத் தாண்டாதவன்

பிப்ரவரி 4

பெல்ட்டைக் கழற்றியிருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு இன்றுதான் முதல் செக்கப். இதய கிளினிக்கில் எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள். எடை கூடியிருந்தால் உடம்பில் மறுபடி தண்ணீர் சேர்கிறது என்று அர்த்தம். திரும்பவும் கட்டிலில் படுக்க வைத்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் சின்னதாக ஒரு தில்லுமுல்லு செய்யலாம் என்று தோன்றியது. சாவிக்கொத்து, ஃபோன், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் மனைவி கையில் கொடுத்தேன். கடைசியாகப் பெல்ட். நீர் மாத்திரை என் இடுப்பிலிருந்து எவ்வளவு இறக்கியிருக்கிறது என்பது பேண்ட்டுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. நான் மெஷின் மேல் ஏறினேன். பேண்ட் ஏறவில்லை.

பெஞ்சு நிறைய நோயாளிகள். எல்லோரும் இதயம் பலவீனமானவர்கள், அதிகம் சிரிக்கக் கூடாதவர்கள். சிரித்தார்கள்.

"சார், துணிக்கு அரைக் கிலோ நாங்களே கழிச்சுக்குவோம். நீங்க இவ்ளோ மெனக்கெட வேணாம்" என்றாள் நர்ஸ். மனைவி கண்ணாடியை என் கையில் திணித்து, "போட்டுக்கிட்டு யார் யாரு பாத்தாங்கன்னு பாத்துக்கோங்க" என்றாள்.

எழுபத்திரண்டு கிலோ. "இதுதான் உங்க எண். ஞாபகம் வச்சுக்கோங்க" என்றார் டாக்டர். என் இதயம் பழைய மோட்டார் மாதிரியாம். தண்ணீரை முழுதாக இறைக்க முடியவில்லை. மிச்சம் காலிலும் நுரையீரலிலும் தங்குகிறது. தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். சட்டென்று இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். உடனே கிளினிக்குக்கு ஃபோன் செய்ய வேண்டும்.

டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளனாக இருக்கிறேன். கற்றுக்கொள்பவர்கள் வண்டியை எங்கேயாவது கொண்டுபோய்ச் சொருகும் முன்பு என் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பதுதான் இத்தனை வருஷ உத்தியோகம். என் சொந்த வண்டிக்கு இப்போது ஒரு மெஷின் பிரேக் மிதிக்கப் போகிறது. நடக்கட்டும்.

பிப்ரவரி 6

மகள் பாப்பா எடை மெஷினோடு வந்தாள். கண்ணாடித் தட்டு, அடியில் நாலு சின்ன ரப்பர் கால்கள். பெயர்தான் பாப்பா, பாலம் கட்டும் இன்ஜினியர். இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். வந்ததும் வகுப்பு ஆரம்பித்தாள்.

"காலைல எழுந்ததும் பாத்ரூம் போயிட்டு, எதுவும் சாப்பிடறதுக்கு முன்னாடி, ஒரே மாதிரி துணியோட. டெய்லி. நான் ஃபோன் பண்ணுவேன், நம்பர் சொல்லணும்."

"சரிங்க டீச்சர்."

"சிரிக்காதீங்கப்பா."

ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான் திரவம். தண்ணீர், டீ, சூப், மாத்திரை விழுங்குகிற வாய்த் தண்ணீர் எல்லாம் அதற்குள். பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஏறிப் பார்த்தேன். எழுபத்திரண்டு புள்ளி ஒன்று. கிளினிக் சொன்னதையே சொன்னது மெஷின். நல்ல பிள்ளை.

பிப்ரவரி 7

நேற்று எழுதாமல் விட்டது.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். பெரிய பாலம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறதே, ரயிலில் ஒரு நாள் பயணம் - ஜனவரியிலேயே சேர்ந்திருக்க வேண்டியது. நான் ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டிக்கொண்டு கிடந்ததால் தள்ளிப்போட்டாள். கம்பெனி ஏப்ரல் ஒன்றாம் தேதி வரை பொறுக்கும், அதற்கு மேல் வேறு ஆள்.

"மார்ச் கடைசி வரைக்கும் எடை ஏறாம இருந்தா போறேன். ஏறுச்சுன்னா போகல. அவ்ளோதான்."

படிக்கிற காலத்திலிருந்து பாலம் பாலம் என்று உயிரை விட்டவள். ஆற்றுக்கு மேலே நிற்க வேண்டியவளை என் முழங்காலுக்குக் கீழே தேங்கிய தண்ணீர் நிறுத்தி வைத்திருக்கிறது. எழுபத்திரண்டு. அதைத் தாண்டக் கூடாது. வேறு வேலை எனக்கு இல்லை.

பிப்ரவரி 11

72.3. 72. 72.2. உத்தமன்.

நீர் மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரத்துக்கு நான் பாத்ரூமின் குடித்தனக்காரன். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் வாசலில் நின்று விசாரித்தார். பதில் சொல்வதற்குள் இரண்டு தடவை உள்ளே போய் வந்தேன். "நான் அப்புறம் வரேன், நீங்க பிஸியா இருக்கீங்க" என்று போய்விட்டார்.

பிப்ரவரி 13

மனைவி சமையலில் உப்பைச் சுத்தமாக நிறுத்திவிட்டாள். எனக்கு மட்டும் என்று நினைத்தேன். அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தால் அதிலும் இல்லை.

"உன் இதயத்துக்கு என்ன கேடு?"

"ஒரே வீட்ல ரெண்டு ருசியா? சாப்பிடுங்க பேசாம."

உப்பில்லாத முட்டையைத் தின்பதற்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலே தேவலை என்று சொல்ல நினைத்தேன். அவள் தின்பதைப் பார்த்து நானும் தின்றேன்.

பிப்ரவரி 15

தரை ஜில்லென்று இருக்கிறது. இந்த வாரம் குளிர் கூடுதல். காலையில் வெறுங்காலோடு கட்டிலிலிருந்து இறங்கி மெஷினில் ஏறுவதற்குள் உடம்பு ஒரு ஆட்டம் ஆடுகிறது. மனைவி பழைய கம்பளிப் போர்வையை வெட்டி, மடித்து, ஓரம் தைத்து ஒரு விரிப்பு செய்திருக்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அதைப் போட்டு அதன் மேலேயே மெஷினையும் வைத்துவிட்டாள். இறங்கியதும் கம்பளி, ஏறியதும் கண்ணாடி, இறங்கினால் மறுபடி கம்பளி. மாப்பிள்ளைக்குக்கூட இப்படி நடக்காது.

70.8. உப்பை நிறுத்திய பலன்.

பிப்ரவரி 16

70.6. பாப்பாவிடம் சொன்னபோது ஃபோனில் அவள் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. "சூப்பர்ப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக உப்பென்ன, சர்க்கரையையும் விடலாம்.

மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "டாக்டருக்கு மாத்திரைதான் தெரியும். என் சமையல் தெரியுமா?"

பிப்ரவரி 18

கிளினிக் நர்ஸ் வாராந்திர ஃபோன். "எழுபதரையா? நல்லா குறைஞ்சிருக்கே சார். எழுந்து நிக்கறப்ப தலை சுத்துதா?"

நேற்று செருப்பை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது லேசாகச் சுற்றியது ஞாபகம் வந்தது. சுற்றியது என்றேன். பாத்ரூமும் ஞாபகம் வந்தது. நல்லாவே சுத்துது என்றேன். டாக்டரைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். உடம்பில் தண்ணீர் தேவைக்கு மேல் இறங்கியிருக்கும் போல, நீர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்றாள்.

பாதிக் குடித்தனம் காலி. போஸ்ட் மாஸ்டரோடு முழுசாக ஒரு விஷயம் பேசி முடித்தேன்.

பிப்ரவரி 23

டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். வண்டியில் உட்கார டாக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை. ஓனர் பாவம் பார்த்து மாடியில் சாலைக் குறிகள் வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார். படி ஏறினேன். பாதியில் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரை நின்று நிதானமாகப் படிக்க வேண்டியதாகிவிட்டது. பின்னால் வந்த தையல்காரம்மா - மூன்று தடவை டெஸ்டில் தோற்றவர், என் பழைய மாணவி - "சார், மாடிக்கு ஃபர்ஸ்ட் கியர்லயே வர்றீங்களே" என்றார்.

"ஏத்தத்துல ஃபர்ஸ்ட் கியர்தான்மா போடணும். அத மறந்துதான் நீங்க தோத்தீங்க."

வகுப்பே சிரித்தது. எனக்குத்தான் சிரிக்க மூச்சு போதவில்லை. ஒரு மாதம் படுத்தே கிடந்தவனுக்குப் படி பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

பிப்ரவரி 26

71.4.

ஏறுகிறதே என்று முகம் சுருங்கியிருக்கும் போல. மனைவி பார்த்துவிட்டாள். "கால் இன்னும் சில்லுனு இருக்கா?" என்றாள். இல்லை என்றேன். நம்பவில்லை. மத்தியானம் விரிப்பைப் பிரித்து, உள்ளே பழைய தலையணைப் பஞ்சை வைத்துத் தைத்தாள். மெத்தை மாதிரி ஆகிவிட்டது.

பிப்ரவரி 27

70.2. வீண் பயம். எழுபத்திரண்டே இன்னும் எங்கேயோ இருக்கிறது.

மார்ச் 2

புதுச் செருப்பின் வார் இறுகுகிறது. மலிவான தோல், சுருங்கியிருக்கும். மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

மார்ச் 5

இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது. தட்டையாகப் படுத்தால் இருமல். எதிர் வீட்டில் சுவரை இடிக்கிறார்கள், தூசி.

காலையில் 70.9. மெஷினே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன?

மார்ச் 8

பாப்பா வந்திருந்தாள். அவள் வருவதற்குள் பத்து மணி ஆகிவிடும். மனைவி எப்போதோ கட்டிலைத் தட்டி, விரிப்பை வெயிலில் போட்டு, மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். பெட்டி வாங்கக் கடைக்குப் போகலாம் என்றாள் பாப்பா. கம்பெனிக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டாளாம். கடையில் நீலப் பெட்டி நன்றாக இருக்கிறது என்றேன். "அப்பா, ஏன் உட்கார்ந்துக்கிட்டே செலக்ட் பண்றீங்க?" என்றாள். பெட்டி உயரத்துக்குக் கண் இருந்தால்தான் தரம் தெரியும் என்று ஒரு கதை விட்டேன்.

மூன்று தலையணை.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தெரியவில்லையா, தெரிந்துகொள்ள வேண்டாமா? வாரும் தலையணையும் ஒன்று சொல்கின்றன. மெஷின் வேறொன்று சொல்கிறது. மெஷின் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

கிளினிக்குக்கு நாளை மறுநாள் எப்படியும் போகிறேனே.

மார்ச் 10

வார்டிலிருந்து எழுதுகிறேன். கையில் ஊசி குத்தியிருப்பதால் எழுத்து கோணலாக வருகிறது. நல்லாயிருக்கும்போதும் கோணல்தான்.

கிளினிக் மெஷின் 75.8 என்றது. வீட்டில் காலையில்தான் 71. நர்ஸிடம் சண்டை போட்டேன்.

"உங்க மெஷின் ரிப்பேர்மா."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறிப் பார்த்தாள். "ரிப்பேரா இருந்தா எனக்கும் சந்தோஷம்தான் சார். ஆனா இல்ல" என்று இறங்கினாள். பிறகு என் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. குழி குழியாகவே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். அடியில் தண்ணீர் சத்தம் என்றார். நாலு நாளாவது படுக்க வேண்டும். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் முழுசாகச் சொல்லவில்லை. மனைவி பக்கத்தில் நின்றாள், அதனால்.

மார்ச் 11

ராத்திரி முழுக்க ஊசி மருந்து வேலை செய்தது. எத்தனை பாட்டில் என்று கேட்காதே. மூச்சு இறங்கியிருக்கிறது. தட்டையாகப் படுத்தேன். சுகம்.

மனைவி வராந்தாவில் நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "முட்டையில இயற்கையாவே உப்பு இருக்குமாம்மா? நான் ஏதாச்சும் தப்பா செஞ்சுட்டேனா? டாக்டர் சொன்னதத்தான் சமைச்சேன். ஒரு கல்லு உப்புகூட வீட்ல வச்சுக்கல..." நர்ஸ் என்னவோ சமாதானம் சொன்னாள். இவள் கேட்கவில்லை. அழும்போது மூக்கை உறிஞ்சுகிற சத்தம், இருபத்தெட்டு வருஷமாகத் தெரியும்.

உள்ளே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "எதிர்ல டீ நல்லாயிருக்குங்க. உங்களுக்குத்தான் கிடையாது" என்றாள்.

மார்ச் 12

பாப்பா லீவு போட்டுவிட்டு வந்துவிட்டாள். கட்டில் காலருகில் நின்றாள். உட்காரவில்லை.

"வீட்ல எழுபத்தொண்ணு. இங்க எழுபத்தஞ்சே முக்கால். எப்படிப்பா?"

"அதான் எனக்கும் புரியல."

"புரியல."

"சத்தியமா புரியலடா."

நர்ஸ் மருந்தை மாற்றிக்கொண்டே, "பெல்ட் சார்தானே? அன்னைக்கு எங்க மெஷினையே ஏமாத்தப் பாத்தாரு" என்றாள். சிரிப்புக்குத்தான் சொன்னாள். பாப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்த பார்வை மாறியது.

மார்ச் 14

வீடு. 72.2 என்று எடை போட்டு அனுப்பினார்கள். மாத்திரை பழையபடி முழுசு.

பாப்பா வந்ததும் வராததுமாக மெஷினைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். விரிப்பைத் துவைத்து மனைவி கொடியில் போட்டிருந்தாள். மெஷினை வெறும் தரையில் வைத்து, "ஏறுங்க" என்றாள். 72.3.

"மெஷின் சரியா இருக்கு. அப்ப ஏறுனவர்தான் சரியில்ல."

இன்ஜினியர் கணக்கு. எங்கே தப்பு என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 15

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்தேன். மனைவி காய்ந்த விரிப்பைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் போட்டாள். நாளைக் காலைக்கு என்று மெஷினை அதன் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சும்மா ஏறிப் பார்த்தேன். வயிறு நிறையச் சாப்பாடு, மேலே ஸ்வெட்டர்.

68.9.

ஒரு சாப்பாட்டில் மூன்று கிலோ இளைத்த முதல் ஆள் நான்தான். இறங்கினேன். மெஷினைத் தரைக்கு இழுத்து ஏறினேன். 73.1. திரும்ப விரிப்பு மேல் வைத்தேன். 69. குனிந்து பார்த்தேன். ரப்பர் கால்கள் பஞ்சுக்குள் முங்கி, மெஷினின் அடிவயிறு கம்பளியில் உட்கார்ந்திருந்தது. கால்கள் தாங்க வேண்டிய பாரத்தில் ஒரு பங்கை விரிப்பு தாங்கிக்கொண்டிருக்கிறது.

நான் அப்படியே நின்றேன். முதல் விரிப்பு போட்ட நாள், பஞ்சு வைத்த நாள், எடை இறங்கியது, நர்ஸ் மாத்திரையைக் குறைத்தது - எல்லாம் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வந்தது. என் கால் குளிரக் கூடாது என்று அவள் போட்ட ஒவ்வொரு தையலும்...

பக்கத்து அறையில் பாத்திரம் கழுவும் சத்தம்.

கதவருகில் பாப்பா. நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டென்று இறங்கி, விரிப்பை உருவித் தோளில் சுற்றிக்கொண்டேன். சால்வை மாதிரி.

"என்னப்பா பண்றீங்க?"

"குளிருது."

"மெஷின் மேல எதுக்கு ஏறுனீங்க? அப்பா, கோபப்பட மாட்டேன். உண்மையச் சொல்லுங்க. எழுபது எப்படி வந்துச்சு?"

அவளுக்குப் பின்னால் மனைவி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. முட்டை வாங்குவதையே நிறுத்திவிட்டாள். என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லப்போவதில் தன் சமையல் வரப்போகிறதா என்று காத்திருக்கிற மாதிரி.

"அலமாரியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றேன்.

"என்ன?"

"ஏறுறப்ப... ஒரு கையால அலமாரிய லேசா அழுத்திக்குவேன். நம்பர் இறங்கும்."

முதலில் மனைவிதான் மூச்சு விட்டாள். பிறகு, "நீங்கல்லாம் ஒரு மனுஷனா? நான் இங்க செத்துப் பிழைச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் திட்டினாள். நல்ல கணீர்க் குரல். ஒரு வாரமாக அந்தக் குரலைக் கேட்கவில்லை.

பாப்பா ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மார்ச் 16

ஒருத்தர்கூட சந்தேகப்படவில்லை என்பதுதான் கொஞ்சம் வருத்தம். நர்ஸிடம் சொன்னார்கள்: "எதிர்பாத்தேன்." ஓனரிடம் சொன்னார்கள்: "அவரு அப்படித்தான்." போஸ்ட் மாஸ்டர் மட்டும், "எந்த அலமாரி?" என்று கேட்டார். ஆசையாக, தானும் செய்து பார்க்கப் போகிற மாதிரி.

மார்ச் 17

பாப்பா கம்பெனிக்கு எழுதப்போகிறாள். வரவில்லை என்று.

நான் கெஞ்சிப் பார்த்தேன். "உடம்பு சரியில்லாதவர விட்டுட்டுப் போயிடலாம்ப்பா. பொய் சொல்றவர எப்படி விட்டுட்டுப் போறது? டெய்லி ஃபோன்ல நீங்க ஒரு நம்பர் சொல்வீங்க, நான் அங்க ஆத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு அது நிஜமான்னு யோசிக்கணுமா?"

அவள் சொன்னது சரி.

உண்மையைச் சொன்னால் அவள் போய்விடுவாள். மெஷினைத் தரையில் வை, அப்பா யோக்கியன், கிளம்பு - அவ்வளவுதான். அவள் காதில் மட்டும் சொல்லலாமா என்றால், இந்த வீட்டில் அம்மாவுக்குத் தெரியாமல் மகள் எதையும் இரண்டு நாள் வைத்துக்கொண்டதில்லை. தெரிந்தால் மனைவி என்ன ஆவாள்? உப்புக்கே இந்தப் பாடு பட்டவள். என்னைப் படுக்க வைத்தது தன் கையால் தைத்த துணி என்று தெரிந்தால் இனிமேல் என் மேல் ஒரு போர்வையாவது போர்த்துவாளா?

இரண்டு பேரும் முன்னால் நிற்கிறார்கள், எனக்கு இருப்பது ஒரு பிரேக். என்ன செய்ய?

மார்ச் 18

விரிப்பை டிரைவிங் ஸ்கூலுக்கு எடுத்துப்போனேன். முதுகு வலிக்கிறது, நாற்காலிக்கு வேண்டும் என்றேன். "கேட்டிருந்தா தனியா தைச்சுத் தந்திருப்பேனே" என்றாள் மனைவி.

மார்ச் 19

தைத்துவிட்டாள். கட்டில் பக்கத்துக்குப் புது விரிப்பு. பழையதைவிடத் தடிமன், ஓரத்தில் பூவேலை. ஓனர் பார்த்ததிலிருந்து ஆசைப்படுகிறார் என்று அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓனருக்குக் கண் கலங்கிவிட்டது. இனி கட்டில் பக்கத்தில் ஒன்றும் வேண்டாம், வெறுங்காலோடு நடந்தால் ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாக அடித்துவிட்டேன். பொய்யன் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. இன்னொன்று சொன்னால் என்ன?

மார்ச் 20

சாப்பிடும்போது மனைவி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நீ லெட்டர் அனுப்பிட்டியா?" பாப்பாவிடம்.

"ராத்திரி அனுப்பணும்."

"அனுப்பாத. இனிமே நம்பரை நான் பாக்கறேன். காலைல நான் பக்கத்துல நிப்பேன். ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு ஏறட்டும், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. நம்பரை உனக்கு நான் சொல்றேன். காலையும் நானே அழுத்திப் பாக்கறேன், அந்த நர்ஸ் பொண்ணு அழுத்துன மாதிரி. எம்மேல நம்பிக்கை இருக்கா, இல்லையா?"

"உன்மேல இருக்கும்மா."

"அப்ப கிளம்பு. இந்த ஆளுக்காக ஒரு பாலம் நிக்க வேணாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். குற்றவாளி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் சிரித்திருப்பேன், இல்லை வேறு ஏதாவது ஆகியிருக்கும்.

பாப்பா உடனே சரி சொல்லவில்லை. "பத்து நாள் பாக்கறேன். கிளினிக் நம்பரும் வீட்டு நம்பரும் ஒண்ணா இருக்கணும்."

மார்ச் 24

72.1. கிளினிக்கிலும் அதே. கையைக் கட்டிக்கொண்டு நின்றதை நர்ஸிடம் நடித்துக் காட்டினாள் மனைவி. நர்ஸ் பிற நோயாளிகளுக்கும் இதைச் சொல்லப்போகிறாளாம்.

காலில் குழி விழவில்லை. படியில் போஸ்டரைப் படிக்காமல் ஏறினேன். தையல்காரம்மா "செகண்ட் கியர்" என்றார்.

மார்ச் 30

ரயில். நீலப் பெட்டி. ஜன்னல் வழியாக என்னிடம், "அம்மாவ ஏமாத்த முடியாதுப்பா, ஞாபகம் வச்சுக்கோங்க" என்றாள். ரயில் நகர்ந்த பிறகும் விரலை ஆட்டிக்கொண்டே போனாள். என் அம்மாவே என்னை இப்படி மிரட்டியதில்லை.

ஏப்ரல் 2

ஆற்றின் படம் அனுப்பியிருக்கிறாள். மஞ்சள் தொப்பியில், பாதிக் கட்டிய தூணுக்குப் பக்கத்தில். மனைவி பெரிதாக்கிப் பார்த்து, "இளைச்சுட்டா" என்றாள். எங்கள் வீட்டில் எடை கண்டுபிடிக்க மெஷின் எதற்கு?

ஏப்ரல் 7

72.

ஏப்ரல் 12

காலை. தரை இன்னும் கொஞ்சம் ஜில்லென்றுதான் இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு ஏறினேன். மனைவி குனிந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். பிறகு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"எழுபத்தொண்ணு புள்ளி எட்டு."

"கையக் கட்டிக்கிட்டாரா?"

"கட்டிக்கிட்டாரு. அலமாரி அந்தப் பக்கம், இவரு இந்தப் பக்கம். நடுவுல நான்."

பாப்பா சிரித்தாள். பின்னால் ஏதோ இரும்பை இறக்குகிற சத்தம், யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வேலை இருக்கும்மா, வைக்கறேன். அப்பா, ஒழுங்கா இருங்க" என்று வைத்துவிட்டாள். இந்தக் குரல் எனக்குத் தெரியாது. வேலையில் இருக்கிற ஒருத்தியின் குரல்.

டீயை அளந்து ஊற்றிக் கொடுத்தாள் மனைவி. கட்டில் ஓரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முட்டை வாங்கி வந்திருக்கிறாள், ரொம்ப நாளைக்கு அப்புறம்.

"இவ்ளோ சுலபமா இருக்கு. அன்னைக்கே நேரா நின்னிருக்கலாமில்ல? என்னாலதான் இப்படி ஆச்சோன்னு நான் தூங்கவே இல்ல தெரியுமா?"

"தெரியும்" என்றேன். "நின்னிருக்கலாம். புத்தி இல்ல."

"இனிமே?"

"இனிமே நீ நிக்கறியே."

அவளுக்கு அது பிடித்திருந்தது. என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்து, சதை எழும்பி வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள், சும்மா.

அந்த அலமாரியை நான் ஒரு நாளும் தொட்டதே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.